நோரிங்டன் செய்த ஒரே தப்பு

கேள்வி இதுதான்: ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படங்களில் வரும் கமோடோர் நோரிங்டன் நல்லவரா, கெட்டவரா? முதல் படத்தில் கண்ணியமான அதிகாரி, இரண்டாவதில் துரோகி, மூன்றாவதில் திடீரென்று தியாகி. கதை எழுதியவர்கள் குழம்பிவிட்டார்களா?

குழம்பவில்லை என்பது என் கட்சி. மூன்று படத்திலும் அவர் ஒரே ஆள்தான். அவரைச் சுற்றியிருந்த தளம்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகிறது. அதற்குக் காரணம் அவர் செய்த ஒரு நல்ல காரியம்.

2003இல் வந்த முதல் படத்தில், கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே போர்ட் ராயல் துறைமுகத்தில் ஒரு காட்சி வரும். கோட்டைச் சுவரிலிருந்து கடலில் விழுந்த ஆளுநர் மகள் எலிசபெத்தை ஜாக் ஸ்பாரோ குதித்துக் காப்பாற்றிக் கரைசேர்க்கிறான். நோரிங்டன் நன்றி சொல்லிக் கை நீட்டுகிறார். கை குலுக்குகிற சாக்கில் ஜாக்கின் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்க்கிறார். கடற்கொள்ளையன் என்று சூடு போட்ட ‘பி’ எழுத்துத் தழும்பு. அதோடு பச்சை குத்திய ஒரு சிட்டுக்குருவி. ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. உயிரைக் காப்பாற்றியவனைப் போய்ப் பிடிப்பதா என்று எலிசபெத் மறிக்கிறாள். ஆயுசு முழுக்கச் செய்த அக்கிரமத்தை ஒரு நல்ல காரியம் கழுவிவிடாது என்கிறார் நோரிங்டன். ஜாக் சும்மா இருப்பானா? ‘ஆனால் தண்டிக்க மட்டும் அந்த ஒன்று போதும் போலிருக்கிறது’ என்கிறான். நோரிங்டன் மறுக்கவில்லை. ஆமாம் என்கிறார், அவ்வளவுதான்.

அந்த இரண்டு வரியையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்று படங்களையும் மறுபடி பாருங்கள். ஜாக் நக்கலுக்குச் சொன்னது ஜாக்குக்குப் பலிக்கவில்லை. நோரிங்டனுக்குப் பலித்தது.

முதலில் இந்த ஆள் யார் என்பதைப் பார்த்துவிடலாம். படத்தின் ஆரம்பத்தில், ஆளுநர் வெதர்பி ஸ்வானும் அவருடைய சின்ன மகள் எலிசபெத்தும் இங்கிலாந்திலிருந்து ஜமைக்காவுக்கு வரும் டான்ட்லெஸ் கப்பலில் இவர் லெப்டினன்ட். எட்டு வருடம் கழித்து கமோடோர் ஆகிறார். பதவியேற்ற அன்றே எலிசபெத்திடம் கல்யாணப் பேச்சை எடுக்கிறார். அவளோ இறுக்கிக் கட்டிய கார்செட்டில் மூச்சு முட்டி மயங்கி, சுவரைத் தாண்டிக் கடலில் விழுகிறாள். இவர் திரும்பிப் பார்க்கும்போது இடம் காலி.

நம் சினிமா பார்த்தவர்களுக்கு இந்தப் பாத்திரம் சட்டென்று புரியும். அப்பா பார்த்த மாப்பிள்ளை. நல்ல வேலை, நல்ல குணம், நல்ல குடும்பம்; ஆனால் கதாநாயகி இன்னொருவனைக் காதலிக்கிறாள். நம் ஊரில் அவரை ‘அமெரிக்க மாப்பிள்ளை’ ஆக்கி, கடைசி ரீலில் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்க வைத்து, விமானம் ஏற்றிவிடுவார்கள். அல்லது பாதி வழியில் வில்லனாக்கி அடி வாங்க வைப்பார்கள். டெட் எலியட்டும் டெர்ரி ரோசியோவும் எழுதிய இந்தக் கதையில் முதல் படம் முடியும்போது மாப்பிள்ளை பெருந்தன்மையோடுதான் விட்டுக்கொடுக்கிறார். ஆனால் விமானம் வரவில்லை. விட்டுக்கொடுத்தவர் அடுத்த நாள் காலையில் என்ன ஆனார் என்று இவர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பாத்திரம் பிடிக்க அதுதான் காரணம்.

ஜாக் டேவன்போர்ட்டின் நடிப்பையும் சொல்ல வேண்டும். அதே காலகட்டத்தில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ‘கப்ளிங்’ என்ற நகைச்சுவைத் தொடரில், அசடு வழிந்தபடி பக்கம் பக்கமாகப் பேசித் தீர்க்கும் ஸ்டீவ் என்ற ஆளாக நடித்துக்கொண்டிருந்தவர். இங்கே எதையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஒருவராக வருகிறார். காதலைச் சொல்லும்போதுகூட அலுவலக அறிக்கை வாசிக்கிற தோரணை. ஜானி டெப் கை கால் எல்லாவற்றையும் ஆட்டிக்கொண்டு திரியும் படத்தில், பக்கத்தில் ஒருவர் கம்பம் மாதிரி நிமிர்ந்து நின்றால்தான் அந்த ஆட்டத்துக்கே மதிப்பு. இருவரும் முதலில் மோதும்போது, தான் கேள்விப்பட்டதிலேயே படுமோசமான கொள்ளையன் நீதான் என்கிறார் நோரிங்டன். கேள்விப்பட்டிருக்கிறீர்கள் அல்லவா என்கிறான் ஜாக். பிறகு அவர் கண்ணெதிரிலேயே இன்டர்செப்டர் என்ற கடற்படைக் கப்பலை ஓட்டிக்கொண்டு போகிறான். இப்படி ஒரு கொள்ளையனை நான் பார்த்ததே இல்லை என்று பக்கத்தில் நிற்கும் துணை அதிகாரி குரோவ்ஸ் வாய் பிளக்கிறார். ‘அப்படித்தான் தெரிகிறது’ என்று நோரிங்டன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் அந்த இடம் ஒன்று போதும். (அந்த இன்டர்செப்டர் நிஜமாகவே கடலில் ஓடும் கப்பல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ‘லேடி வாஷிங்டன்’ என்ற மாதிரிக் கப்பலைத்தான் வேஷம் போட்டு நடிக்க வைத்தார்கள்.)

சரி, அந்த நல்ல காரியத்துக்கு வருகிறேன். முதல் படத்தின் கடைசியில் ஜாக்கைத் தூக்கில் போடப் போகிறார்கள். எலிசபெத் காதலிக்கும் கொல்லன் வில் டர்னர் நடுவில் புகுந்து காப்பாற்றப் பார்க்கிறான். எலிசபெத்தும் வில் பக்கம் போய் நிற்கிறாள். உன் மனம் இங்கேதான் இருக்கிறதா என்று நோரிங்டன் கேட்க, ஆமாம் என்கிறாள். சுற்றிலும் அவருடைய சிப்பாய்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. ஜாக் கோட்டைச் சுவரிலிருந்து கடலில் விழுகிறான். அவனுடைய கப்பல் பிளாக் பேர்ல் அவனை எடுத்துக்கொள்ள வருகிறது. நோரிங்டன் வில்லைக் கூப்பிட்டு, இது அருமையான வாள், இதைச் செய்தவன் வாழ்க்கையிலும் இதே அக்கறையைக் காட்டுவான் என்று எதிர்பார்க்கிறேன் என்கிறார். ஸ்பாரோவை என்ன செய்வது என்று துணை அதிகாரி கில்லெட் கேட்கும்போது, ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

அந்த ஒரு நாள்தான் நான் சொன்ன தப்பு. தியேட்டரில் எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்து போகிற இடம் அது. ஆனால் அந்தக் காலத்துக் கடற்படை எப்படி நடந்தது என்று தெரிந்தால் சிரிப்பு வராது.

பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டனில் தரைப்படையில் காசு கொடுத்து அதிகாரி ஆகலாம். பதவிகளுக்கு விலைப்பட்டியலே உண்டு. கடற்படையில் அது நடக்காது. 1677இல் கடற்படை நிர்வாகி சாமுவேல் பெப்பிஸ் காலத்திலிருந்தே லெப்டினன்ட் ஆவதற்குப் பரீட்சை இருந்தது. பரீட்சைக்கு உட்காரவே பல வருடம் கடலில் இருந்திருக்க வேண்டும். அதனால் பையன்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே கப்பலேறிவிடுவார்கள். பாய், கயிறு, நட்சத்திரம், பீரங்கி என்று உடம்பால் கற்ற தொழில் அது. கேப்டன் ஆனபிறகு மேலே போவது மூப்பு வரிசைப்படி. முன்னால் இருப்பவர் சாக வேண்டும் அல்லது ஒதுங்க வேண்டும். கமோடோர் என்பதுகூட அப்போது நிரந்தரப் பதவி அல்ல. பல கப்பல்களைச் சேர்த்து நடத்த ஒரு கேப்டனுக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் பொறுப்பு. படம் அதைப் பெரிய விழாவாகக் காட்டுவது கொஞ்சம் ஜோடனைதான். ஆனால் இப்படி வளர்ந்த ஒருவருக்குச் சீருடையைக் கழற்றினால் உள்ளே வேறு ஆள் கிடையாது என்பது நிஜம்.

அந்த அமைப்பு கருணைக்குப் பேர்போனதும் அல்ல. கப்பலை இழந்த கேப்டன் ராணுவ நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டும். தப்பு அவர்மேல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடைமுறை. அட்மிரல் ஜான் பிங் மத்தியதரைக் கடலில் இருக்கும் மினோர்கா தீவைக் காப்பாற்றத் தன்னால் முடிந்ததை எல்லாம் செய்யவில்லை என்று தீர்ப்பு எழுதி, 1757 மார்ச்சில் அவருடைய நாட்டுக் கப்பலின் தளத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். எதிரியோடு சேர்ந்தார் என்றோ கோழை என்றோ குற்றச்சாட்டுகூட நிற்கவில்லை. முழுமூச்சாகச் செய்யவில்லை என்பது மட்டும்தான். அப்படிப்பட்ட இடத்தில் தூக்குமேடையில் நின்ற குற்றவாளிக்குத் தெரிந்தே ஒரு நாள் விட்டுக்கொடுத்தவருக்கு என்ன காத்திருக்கும்?

2006இல் வந்த ‘டெட் மேன்ஸ் செஸ்ட்’ படம் அதற்குப் பதிலோடுதான் தொடங்குகிறது. ஒரு வணிகக் கம்பெனியின் பெரிய மனிதரான கட்லர் பெக்கெட் வந்து இறங்கி வில்லையும் எலிசபெத்தையும் கைது செய்கிறார். அவர் கையில் மூன்றாவதாகவும் ஒரு பிடியாணை இருக்கும். ஜேம்ஸ் நோரிங்டன் எங்கே என்று கேட்கிறார். அவர் சில மாதங்களுக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார் என்கிறார் ஆளுநர். குற்றவாளியைத் தப்பவிட்ட அந்தக் குற்றத்துக்குத் தண்டனை மரணம். பலரும் அந்த மூன்றாவது தாளைக் கவனிப்பதில்லை.

நடந்தது பிறகு கொள்ளையர்கள் கூடும் டோர்ட்டூகா தீவில் தெரியவரும். ஜாக்கைத் துரத்திக்கொண்டு உலகத்தைச் சுற்றியிருக்கிறார். திரிப்பொலி அருகே கிட்டத்தட்டப் பிடித்தே விட்டாராம். ஆனால் சூறாவளி. அதற்குள்ளேயே கப்பலைச் செலுத்தினீர்களா என்று ஜாக்கின் கூட்டாளி கிப்ஸ் திகைத்துப் போவார். டான்ட்லெஸ் போயிற்று, ஆட்கள் போனார்கள், பதவி போயிற்று. என்னைக் கேட்டால் நோரிங்டன்மேல் சுமத்த வேண்டிய உண்மையான குற்றம் இதுதான். பிறகு கடல் பூதமான டேவி ஜோன்ஸின் இதயத்தை அவர் திருடியதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் திட்டுகிறார்கள். தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு கப்பல் நிறைய ஆட்களைப் புயலுக்குள் கொண்டுபோனதை யாரும் பேசுவதில்லை. ஒரு நாள் விட்டுக்கொடுத்ததை ஈடுகட்ட வேண்டும் என்ற வெறியில், அடுத்து எதையுமே விட்டுக்கொடுக்காமல் போனார்.

அந்த மதுக்கடைச் சண்டையும், எலிசபெத் தலையில் பாட்டிலால் அடித்து அவரை மயங்க வைப்பதும், பன்றித் தொழுவத்துச் சேறும் சிரிப்புக்காக வைத்தவை. சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் கிப்ஸிடம் அவர் சொல்வதைக் கேளுங்கள்: உன் கதைதான் என் கதையும், ஒரு அத்தியாயம் பின்னால் இருக்கிறேன். கிப்ஸும் ஒரு காலத்தில் அதே டான்ட்லெஸில் வேலை பார்த்த மாலுமிதானே.

கொள்ளையனைப் பிடிக்கப் போனவன் கோட்டைத் தாண்டிவிடுவது வெறும் கற்பனையும் அல்ல. கேப்டன் வில்லியம் கிட் கடற்கொள்ளையர்களைப் பிடிக்க மன்னரின் ஆணைப் பத்திரத்தோடு கிளம்பியவர். நம் மலபார்க் கரையோரம் 1698இல் ‘கெடா மெர்ச்சன்ட்’ என்ற சரக்குக் கப்பலைப் பிடித்தார். அதற்கும் வேறு குற்றங்களுக்கும் சேர்த்து 1701இல் லண்டனில் கொள்ளையன் என்றே தூக்கில் போட்டார்கள். முதல் தடவை கயிறு அறுந்து, இரண்டாம் தடவை ஏற்றினார்கள். கடைசிவரை கோடு தாண்டாமல் வேலையை முடித்தவர்களும் உண்டு. 1718 நவம்பரில் அமெரிக்கக் கரையோரம் ஒக்ரகோக் அருகே பிளாக்பியர்ட் என்ற கொள்ளையனைக் கொன்று, தலையைக் கப்பல் முகப்பில் தொங்கவிட்டு வந்தவர் லெப்டினன்ட் ராபர்ட் மேனார்ட். அவர் வேலை பார்த்த கடற்படைக் கப்பலின் பெயர் என்ன தெரியுமா? பேர்ல்.

இனி துரோகம். இஸ்லா குரூசஸ் தீவில் ஜாக், வில், நோரிங்டன் மூன்று பேரும் உருளும் தண்ணீர்ச் சக்கரத்தின்மேல் நின்று, டேவி ஜோன்ஸ் தன் இதயத்தைப் பூட்டி வைத்த பெட்டியின் சாவிக்காகச் சண்டை போடுகிறார்கள். பெரிய வேடிக்கைக் காட்சி. அந்தக் களேபரத்தில் டேவி ஜோன்ஸின் இதயத்தையும் பெக்கெட்டின் மன்னிப்புப் பத்திரங்களையும் அமுக்கிக்கொள்கிறார் நோரிங்டன். பிறகு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, துரத்துபவர்களை நான் இழுத்துப் போகிறேன் என்று தனியாக ஓடுகிறார். மற்றவர்கள் தியாகம் என்று நினைக்கிறார்கள். இதயம் நேராகப் பெக்கெட்டின் மேசைக்குப் போகிறது.

ஜாக்கின் கப்பலில் அவர் தளம் கழுவியது வேறு போக்கிடம் இல்லாததால். யாருக்கும் விசுவாசமாக இருப்பதாக வாக்குக் கொடுக்கவில்லை. அங்கே ஜாக் வில்லை ஏமாற்றியிருந்தான், வில்லுக்கு அவன் அப்பாவை மீட்கிற கணக்கு, எல்லோரும் எல்லோரையும் விற்கத் தயாராக இருந்தார்கள். அந்தச் சந்தையில் இவரும் விற்றார். ஆனால் இவர் விற்றதுதான் பெரிய கேடாக முடிந்தது. டேவி ஜோன்ஸின் இதயம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு ஜோன்ஸ் அடிமை. அது கையில் இருந்ததால்தான் பெக்கெட் கடலையே ஆள முடிந்தது, ஆளுநர் ஸ்வான் உட்பட எத்தனையோ பேர் செத்தார்கள். நோரிங்டன் கேட்டது தன் பழைய வாழ்க்கையை மட்டும்தான். அதற்கு என்ன விலை என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குற்றவாளி என்று தாராளமாகச் சொல்வேன்.

பெக்கெட்டின் கம்பெனியைப் பற்றி ஒரு சின்னப் புலம்பல். நம் பாட்டன் காலத்தில் ‘கும்பினி’ என்ற அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான் படத்தில் வேறு பெயர்ச் சாயலில் வருகிறது. 1600இல் எலிசபெத் ராணி கொடுத்த பட்டயப்படி அதன் வியாபார எல்லை நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே. சென்னைக் கோட்டையில் கும்பினியான் உட்கார்ந்தது வரலாறு. ஜமைக்காவில் உட்கார்ந்து கடற்படைக்காரரை அட்மிரல் ஆக்குவது சினிமா. அட்மிரல் பதவி மன்னரும் கடற்படைத் தலைமையும் கொடுப்பது, அதுவும் மூப்பு வரிசைப்படி. கதைக்கு ஒரு கொடுமைக்கார முதலாளி தேவைப்பட்டது, தெரிந்த பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

2007இல் வந்த ‘அட் வேர்ல்ட்ஸ் எண்ட்’ படத்தின்மேல் எனக்கு வருத்தம் உண்டு. படம் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. அதில் இவருக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அட்மிரல் கோட்டைப் போட்டுக்கொண்டு, விரும்பியதெல்லாம் கிடைத்தும் செத்த முகத்தோடு நிற்கும் ஒருவரை வைத்து இரண்டு நல்ல காட்சியாவது எழுதியிருக்கலாம். கொள்ளையர் சபை, கடல் தேவதை என்று கதை கூட்டமாகிவிட்டதில் இவர் ஓரத்துக்குப் போய்விட்டார். உங்களுக்கு அந்தச் சாவு திடீரென்று தோன்றியது அதனால்தான். காரணம் இல்லாமல் அல்ல, இடம் இல்லாமல்.

காரணம் திரையிலேயே இருக்கிறது. டேவி ஜோன்ஸின் பிளையிங் டச்மேன் கப்பலுக்குப் பொறுப்பாக அவரைப் பெக்கெட் வைத்திருக்கும்போது, ஒரு கொள்ளைக் கப்பலின் கேப்டனாக எலிசபெத் பிடிபடுகிறாள். உன் அப்பா இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டாரே என்கிறார். அதைச் சொன்னது பெக்கெட்டா என்று அவள் கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் அவர் வாங்கிய பழைய வாழ்க்கையின் விலைச்சீட்டு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று ராத்திரி சிறையைத் திறந்து அவளையும் அவள் ஆட்களையும் வெளியே விடுகிறார். நம் தலைவிதிகள் பின்னிக் கிடந்தன, ஆனால் ஒருபோதும் ஒன்று சேரவில்லை என்று சொல்லி ஒரு முத்தம். கயிற்றைப் பிடித்து அவர்கள் மறு கப்பலுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தக் கப்பலில் அடைபட்டுப் புத்தி பேதலித்த வில்லின் அப்பா பூட்ஸ்ட்ராப் பில் வந்துவிடுகிறான். நோரிங்டன் அட்மிரல் குரலில் கட்டளை போட்டுப் பார்க்கிறார், பலிக்கவில்லை. எலிசபெத் திரும்பி வரப் பார்க்கிறாள். வந்துவிடக் கூடாது என்று கயிற்றைச் சுட்டு அறுக்கிறார். பில் மரச் சிம்பால் அவரைக் குத்திவிடுகிறான்.

அங்கேயும் முதல் படத்துக் கணக்குத்தான். கைதியைத் தப்பவிட்டார். ஒரு நல்ல காரியம். இந்தத் தடவை தண்டனை கைமேல் கிடைக்கிறது. என்ன வித்தியாசம் என்றால், முன்பு அவகாசம் கொடுத்துவிட்டுப் பிறகு அதை அழிக்க அலைந்தார். இந்த முறை பின்னாலேயே துரத்த முடியாதபடி கயிற்றையே அறுத்துவிட்டார்.

கடைசியாக அந்த வாள். முதல் படத்தில் கமோடோர் பதவிக்காகச் செய்யப்பட்ட பரிசு அது. செய்தவன் வில் டர்னர். இரும்பை மடித்து அடித்த அலகு, பிடியில் பொன் இழை வேலை என்று ஆளுநரிடம் பெருமையாக விரலில் நிறுத்திக் காட்டுவான். மூன்றாம் படத்தில் அட்மிரல் ஆக்கும்போது பெக்கெட் அதே வாளைப் பழைய நண்பன் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். சாகக் கிடக்கும் நோரிங்டனிடம் டேவி ஜோன்ஸ் குனிந்து, சாவுக்குப் பயப்படுகிறாயா என்று கேட்கிறான். தன் கப்பலில் சேர்த்துக்கொள்ள அவன் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. நோரிங்டன் வாயைத் திறக்காமல் அந்த வாளை ஜோன்ஸின் உடம்பில் செருகிவிட்டு உயிரை விடுகிறார். ஜோன்ஸ் அதைப் பயமில்லை என்று எடுத்துக்கொள்கிறான். நல்ல வாள் என்று தானே வைத்தும் கொள்கிறான்.

பிறகு சுழலுக்குள் நடக்கும் கடைசிச் சண்டையில், மழையில், ஜோன்ஸ் வில்லின் நெஞ்சில் ஒரு வாளை இறக்குவான் அல்லவா? அடுத்த தடவை படத்தை அந்த இடத்தில் நிறுத்தி அதன் பிடியைப் பாருங்கள். அதே வாள்தான். படத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.